உட்கார்ந்து படிக்கவும்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் மட்டும் லேசாகப் பிடிக்கிறது.

போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா? சரி, கஸ்டமர் வந்துட்டார்" என்று வைத்துவிடுகிறீர்கள். சலூன் விடுமுறை நாளில்கூடக் கஸ்டமர் வருகிறார். அதிசயம்தான். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

நான் படியில் விழுந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் உங்கள் காதில் ஏறுவதில்லை. நீங்கள் போனில் ஒரு கதை சொன்னீர்கள், நான் சிரித்தேன், முழங்கால் நெய்யாய் உருகிவிட்டது. நின்ற இடம் படிக்கட்டாக இருந்தது என் தலையெழுத்து. சிரித்தால் எனக்குக் கால் துவள்வது இன்று நேற்றா? கல்லூரி நாளிலிருந்தே இருக்கிறது. ரத்தம் குறைவு என்றார்கள், பயந்த சுபாவம் என்றார்கள். நாமும் நம்பினோம்.

இங்கே வேலையிடத்தில் ஒரு விஷயம் நடந்தது. பல் செட்டுக்கு மெழுகு உருக்கும் விளக்கின் முன்னால் மதியம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். சட்டைக் கையில் நெருப்புப் பிடித்தது. பக்கத்து மேசைக்காரர் ஈரத்துணியைப் போட்டு அணைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "ஏம்மா, நீ ராத்திரி தூங்கறதே இல்லையா?" என்றார். "தூங்கறேன் சார், அதான் பிரச்சனையே" என்றேன். நெருப்புப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி, மூலையில் சுண்ண மாவில் வார்த்த பல் அச்சுகளைச் செதுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். டாக்டரைப் பார்த்த பிறகுதான் பழைய மேசை.

மூலை எனக்குப் புதிதில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பொது மேசையில் அரட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். யாராவது ஏதாவது சொல்லி நான் சிரித்துத் தொலைத்து, சாப்பாட்டுத் தட்டில் முகம் விழுந்தால்? வீட்டில் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை மட்டும்தான் பார்க்கிறேன். அதில் சிரிப்பு வராது. என்னை எல்லாரும் உம்மணாமூஞ்சி என்று நினைக்கிறார்கள். சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தூக்கத்தைச் சோதிக்கும் மருத்துவமனையில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பதில் போடுங்கள். ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

உங்கள்
சிட்டு

*

ஜனவரி 24

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். கடை நடக்கிறது. மழை இல்லை. கத்தரிக்கோல் இரண்டைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

சோதனைக்குப் போ. டாக்டர் சொல்வதைக் கேள். மேற்பார்வையாளர் செய்தது சரி. நெருப்புப் பக்கம் போகாதே. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். கூடுமானால் கீழ்த்தள வீட்டுக்கு மாறு.

போனில் அதிகம் பேசுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அன்று நீ விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. உன் பக்கத்து வீட்டம்மா வந்து போனை எடுத்து, "யாருங்க? இந்தப் பொண்ணு மயங்கிக் கிடக்கு" என்று சொல்கிற வரைக்கும் நான் இருந்த இருப்பை எழுத எனக்கு வராது.

ஆகவே இனி இப்படித்தான். கோபம் இல்லை. உன் நல்லதுக்குத்தான்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அரசாங்க அறிவிப்புகூட இதைவிடச் சிரிப்பாக இருக்கும். எழுதியது என் அப்பாதானா என்று கையெழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சோதனை முடிந்தது. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். அது பெரிதில்லை. மறுநாள் பகல்தான் வேடிக்கை. ஒயர் ஒட்டும் அக்கா ஒருத்தர் வந்து, "படுங்க, தூங்குங்க" என்பார். தூங்குவேன். எழுப்பிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் வருவார். "படுங்க, தூங்குங்க." சாயங்காலம் வரை இதே வேலை. பள்ளிக்கூடத்தில் இதற்குத்தானே பெஞ்சு மேல் ஏற்றினார்கள்? இங்கே அந்த அக்கா, "சொன்ன உடனே தூங்கறீங்களே, எங்க வேலை சுலபமாயிடுச்சு" என்று பாராட்டினார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மற்றவர்களுக்குத் தூக்கம் படிப்படியாக இறங்குமாம். முதலில் மேலோட்டமான தூக்கம். பிறகு ஆழ்ந்த தூக்கம். அப்போது மூளையின் அலைகள் நீளமாக, மெதுவாக வரும். அங்கே கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் போல ஆன பிறகுதான் கனவுத் தூக்கம் வரும். அந்த நேரத்தில் மூளை விழித்திருப்பவருடையதைப் போலவே மும்முரமாக இருக்கும், இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடும். ஆனால் உடம்பு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடக் கூடாதல்லவா? அதற்காக மூளையே போட்டு வைத்த பூட்டு.

நான் கண்ணை மூடிய சில நிமிடங்களில் நேராகக் கனவுக்குள் போய்விடுகிறேன். இடையில் படியே இல்லை. அதோடு அந்தப் பூட்டு, விழித்திருக்கும்போதே என் மேல் விழுகிறது. சிரிப்பு வந்தால் விழுகிறது. கால், கை, தாடை எல்லாம் துவண்டுபோகும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாகத் திறந்துகொள்ளும். மூளையில் ஒருவரை விழித்திருக்க வைக்கும் ஒரு சுரப்பு உண்டாம். அதைச் சுரக்கும் செல்கள் எனக்கு அழிந்துவிட்டன. திரும்பி வராது. நோய்க்கு நார்கோலெப்சி என்று பெயர். சோம்பேறித்தனம் இல்லை, ரத்தக் குறைவு இல்லை, யாருடைய கண்ணும் படவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார். பகலில் நேரம் வைத்துக் குட்டித் தூக்கம் போடச் சொல்கிறார். முழுசாகப் போகாதாம், அடங்குமாம்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கனவு எது, நிஜம் எது என்று பல நேரம் குழம்பும். இதுவும் அந்த நோயின் குணம்தான். அதனால் ஒரு விஷயத்தை இத்தனை மாதமாகக் கனவு என்றே வைத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "சிரிச்சு விழுந்து கிடக்கறப்போ ஏதாவது கேட்ட மாதிரி இருந்தா, அது கனவா?"

"இல்லம்மா. உடம்புதான் பூட்டிக்கும். நினைவு போகாது. கண்ணைத் திறக்க முடியலன்னாலும் காது கேட்கும். அது நிஜம்."

அப்பா, படியில் கிடந்தபோது எனக்குக் காது கேட்டது. போன் என் தலைமாட்டில்தான் கிடந்தது. நீங்கள், "சிட்டு, சிட்டு" என்று கூப்பிட்டீர்கள். அப்புறம் அழுதீர்கள். அம்மா இறந்தபோதுகூட நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. அப்புறம், "என் பிள்ளை எழுந்துட்டா போதும், நான் இனிமே ஆயுசுக்கும் சிரிப்புப் பேச்சுப் பேசமாட்டேன், இது சத்தியம்" என்றீர்கள். பதில் சொல்ல என்னால் நாக்கைக்கூட அசைக்க முடியவில்லை.

நான் எழுந்துவிட்டேன் அப்பா. அந்தச் சத்தியத்தால் எழவில்லை. பூட்டு திறந்தது, எழுந்தேன்.

"உங்களை அதிகமா சிரிக்க வைக்கிறது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். எங்கப்பா என்றேன். "கடைசியா எப்போ?" என்றார். படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

உங்கள்
சிட்டு

*

மார்ச் 20

அப்பா,

பதில் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. சலூனுக்கு எதிர்க்கடை அண்ணனிடம் விசாரித்தேன். "இருக்காரும்மா, ஆனா ஆள் ரொம்ப மௌனமாயிட்டார்" என்றார்.

படியில் கிடந்தபோது என் காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கக் கூடாதோ?

மாத்திரை ஒத்துக்கொள்கிறது. கால் அடிக்கடி துவள்வதில்லை. ஆனால் அது மாத்திரையாலா, சிரிக்க எதுவும் இல்லாததாலா என்று சொல்லத் தெரியவில்லை. மதியம் அலமாரிக்குப் பின்னால் பாய் விரித்துக் கொஞ்சம் தூங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எழுந்து பார்த்தால் எல்லாரும் அவரவர் மேசையில் இருப்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வானிலை அறிக்கை. நாளைக்கும் வெயிலாம்.

சிட்டு

*

ஏப்ரல் 11

என் சிட்டுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணை. கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போடாதே. தரையில் பாயை விரி, இரண்டு பக்கமும் தலையணை போடு, சுவரில் சாய்ந்து உட்கார். உட்கார்ந்தாயா? தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வை. சரி.

பதில் எழுத முடியாமல் இத்தனை நாள் திண்டாடினேன். நான் அழுததை நீ கேட்டாய் என்று தெரிந்த பிறகு எந்த முகத்தோடு பேனா எடுப்பது? சத்தியத்தை மீறினால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பக்கம் பயம். கடையில் வாயைத் திறக்காமல் முடி வெட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

போன வாரம் ஒன்று நடந்தது. நம் தலைமை ஆசிரியர் இருக்கிறாரே, ஓய்வு பெற்றவர், தலையில் ஒரு முடியும் இல்லாதவர். அவர் தலையில் இருப்பது டோப்பா என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. உண்மையில் ஊருக்கே தெரியும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது. அவர் வைத்திருப்பது இரண்டு டோப்பா. ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாதத்துக்கு ஒரு முறை நீள முடியோடு கடைக்கு வருவார். அரை மணி நேரம் பேப்பர் படிப்பார். குட்டை முடியை மாட்டிக்கொண்டு, முடி வெட்டின காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்றும் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நீளத்தைக் கழற்றி என்னிடம் அலசக் கொடுத்தார். குட்டையை அலமாரியில் வைத்துவிட்டுப் பேப்பரை முகத்தில் போட்டுக் கண்ணயர்ந்தார். கடையில் ஒரு கருப்புப் பூனைக்குட்டி ஒண்டியிருக்கிறது என்று உனக்குச் சொல்லவில்லையே. அது அலமாரியில் ஏறி, டோப்பாவைக் கீழே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

ஆசிரியர் எழுந்தார். கண்ணாடி போடாமலே கையை நீட்டினார். பூனைக்குட்டியை எடுத்தார். தலையில் வைத்தார்.

அந்தச் சனியனும் எழவில்லை. தூங்குகிறது! அது எந்தப் படியில் இருந்ததோ, ஆழ்ந்த தூக்கமோ, கனவுத் தூக்கமோ, உன் டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும். அவர் நிலைக்கண்ணாடியில் மங்கலாகப் பார்த்து, இரண்டு பக்கமும் தட்டிவிட்டு, "இன்னிக்கு நல்லா அமைஞ்சிருக்குப்பா. கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கே, வெயில்ல வச்சியா?" என்றார்.

நான் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். சத்தியம், சத்தியம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் காசை வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். அப்போது பூனைக்குட்டி சோம்பல் முறித்து, வாலை மெதுவாக அவர் பிடரியில் தொங்கவிட்டது.

என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "சார், பின்னாடி கொஞ்சம் நீளமா இருக்கு."

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "அப்ப வெட்டிடு."

சிட்டு, நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எனக்கு எந்தப் பூட்டும் கிடையாது, ஆனாலும் எழ முடியவில்லை. சிரித்து முடிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. உடனே உனக்குப் போன் செய்தேன். நீ, "சொல்லுங்கப்பா" என்றாய். உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். நீ நன்றாகத்தான் இருந்தாய். நான் சிரித்தேன், உனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தியத்தைப் பற்றி யோசித்தேன். யாரிடம் செய்தேன்? அந்த நேரம் எனக்கு எதிரில் இருந்தது கடைக் கண்ணாடி. அதில் தெரிந்தது என் மூஞ்சி. ஆக, என்னிடமேதான் செய்திருக்கிறேன். தள்ளுபடி செய்யும் அதிகாரமும் எனக்குத்தானே? செய்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கத்தி கழுத்தில் இருக்கும்போது ஆளைச் சிரிக்க வைக்கக் கூடாது. கத்தியை எடுத்து, துடைத்து, மடக்கி வைத்த பிறகுதான் கதை. இத்தனை வருடமாக முகம் தெரியாதவனுக்கெல்லாம் அந்த மரியாதையைக் கொடுத்தேன். பெற்ற பெண்ணிடம், "நீ எங்க நிக்கறே?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இனி கேட்பேன்.

பாய் மெத்தென்று இருந்ததா? எழுது.

அப்பா

*

ஏப்ரல் 19

என் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பாய், தலையணை, சுவர்.

அவர் பூனையைத் தலையில் வைத்தபோது தாடை தொங்கிவிட்டது. "பின்னாடி கொஞ்சம் நீளமா இருக்கு" என்ற இடத்தில் கழுத்து மடிந்தது, சரிந்தேன். தலையணை சரியான இடத்தில் இருந்தது. கடிதம் என் மூக்கின் மேல் விழுந்தது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அப்படிக் கிடக்கும்போது பயமாக இருக்கும், யாராவது வரமாட்டார்களா என்றிருக்கும். இந்த முறை பயம் வரவில்லை. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்ற அவசரம்தான். கை திரும்பி வந்ததும் படித்தேன். "அப்ப வெட்டிடு." மறுபடியும் சரிந்தேன். ஒரு கடிதத்தைப் படித்து முடிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பொது மேசையில் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது, சுவர் ஓரமாக. நாளைக்கு அதில் உட்காரலாம் என்றிருக்கிறேன். துவண்டால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முதலில் சொல்லிவிடுவேன். கேட்டுக்கொள்வார்களா, எழுந்து வேறு பக்கம் போவார்களா என்று தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டு விழும்போது முகமும் துவண்டுவிடும். சிரிப்புச் சத்தம் வெளியே வராது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால்கூட, கண்ணை மூடிக் கிடக்கும் ஒருத்தியைத்தான் பார்த்திருப்பார்கள். எந்தப் போனிலும் அது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் கைப்பட எழுதுகிறேன்.

சிரித்தேன் அப்பா.

சிட்டு