பொன்னாடைக் காவிரி

ஆனி 10, புதன்

புழுதிக் காற்று. பூசை முடித்துப் பெரிய பீரோவைத் திறந்தேன். நாற்பது ஆண்டுச் சமயச் சொற்பொழிவுகளில் என் தோளில் விழுந்த பொன்னாடைகள் அனைத்தும் உள்ளே. மறுமுறை விரிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. இனி இவற்றுக்கு வேலை உண்டு. கோயிலின் புதிய மண்டபத்தில், மேடையின் பின்சுவர் முழுவதும் காவிரி. துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த துணிச்சித்திரம். ஆடிப்பெருக்கன்று மண்டபத் திறப்பு.

மாலையில் திருப்பணிக் குழுத்தலைவர் நல்லமுத்துவைப் பார்த்துச் சொன்னேன்.

"ஃப்ளெக்ஸ் அடிச்சா ஒரு மணி நேரத்துல வந்துருமுங்கய்யா. கமிட்டிக்காரங்க போட்டோவும் போட்டுக்கலாம்."

நெடுநேர வாதம். திங்களன்று வீட்டுக்கு வந்து திட்டத்தைப் பார்ப்பார். மனத்துக்குப் பிடிக்காவிட்டால் சுவர் ஃப்ளெக்ஸுக்கு.

பிடிக்கும்.

ஆனி 11, வியாழன்

விதி: கடையில் ஒரு முழத் துணியும் வாங்குவதில்லை.

மேலடுக்கு: பொன்னாடைகள்.
நடுவே: என் பழைய வேட்டிகள், இரண்டு மடிப்பு.
அடியில்: ஜலகண்டாபுரத்துச் சம்பந்தி தந்த போர்வை. கனம் மிகுதி, யாரும் போர்த்துவதில்லை.
தையல்: பாவாயி.

பாவாயி என் இல்லாள். காலால் மிதிக்கும் தையல் மெஷினில் அவளுக்கு நிகர் மோகனூரில் இல்லை. இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

"ஏனுங்க, இத்தன வருசம் ஒரு துண்டத் தொட உட்டிருப்பீங்களா? இன்னைக்கு வெட்டோணுங்கறீங்க" என்றாள்.

இறைவனுக்கு என்றேன்.

"சாமிக்குன்னாத்தான் பீரோ காலியாகும்போல."

ஆனி 13, சனி

ஒரு பிழை. சுருக்கம் நீக்க இஸ்திரிப்பெட்டியை வைத்தேன். ஜரிகை உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. பட்டென்று எண்ணித் தனித்தட்டில் காத்து வந்த ஆடை அது.

பாவாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பக்கத்தூட்டுக்காரிகிட்டப் பட்டுன்னு பீத்திக்கிட்டனே! பிளாஸ்டிக்குங்க."

தீர்வும் அவளுடையதே: ஈரத்துணி சுற்றி, மேலே அம்மிக்கல். விடிவதற்குள் சுருக்கம் போய்விடும்.

இஸ்திரிப்பெட்டியின் அடியைச் சுரண்ட வேண்டும்.

ஆனி 14, ஞாயிறு

அனைத்தையும் நிறம் பிரித்துக் கூடத்தில் பரப்பினோம். சிவப்பு, அரக்கு, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, கொஞ்சம் பச்சை. நீலம் ஒன்றுகூட இல்லை! நீலப் பொன்னாடை போர்த்துவார் யார்? நீலமின்றி ஆறு எப்படி? நாளை நல்லமுத்து வருகிறார். கடையில் ஐந்து முழம் மட்டும் வாங்கலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. வெட்கம்.

சோறு போட்டுக்கொண்டே பாவாயி: "காவேரி என்னைக்குங்க நீலமா வந்துச்சு? ஆடில பாருங்க. செக்கச்செவேல்னு, நொரையும் சுழியுமா வருது. உங்க நீலமெல்லாம் காலண்டர்லதான்."

புதுப்புனலின் செம்மையை எத்தனை மேடைகளில் விரித்துரைத்திருக்கிறேன்! ஆறு தெருக்கோடியில் ஓடுகிறது. நான் தேடியது நீலம்.

பிற்பகல் முழுதும் அடுக்கினோம். அரக்கும் ஆரஞ்சும் வெள்ளம். ஜரிகை நுரை. பச்சை அக்கரைத் தென்னந்தோப்பு. ஊதா சுழிக்கு. குண்டூசி குத்தி முடித்தபோது எழ மனமில்லை. நீர் நகர்வதுபோல் இருந்தது.

ஆனி 15, திங்கள்

பதிகம் இருமுறை ஓதினேன். பத்து மணிக்கு நல்லமுத்து வந்தார். செருப்பைக் கழற்றி, கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். "யப்பா... ஆடித்தண்ணியேதானுங்க" என்றார். ஒருமுறை சுற்றி வந்தார். மறுமுறை குனிந்து, தேடித்தேடி வந்தார்.

"இதுல நான் போர்த்துனது எதுங்கய்யா?"

எது என்று அறிவேன். சுழியின் அடிமடிப்பில், இரண்டு விரல் அகலம் மட்டுமே வெளியே தெரிந்த ஊதா. சொன்னால் சுவர் போயிற்று. பொய் சொல்ல நா எழவில்லை.

பாவாயி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்துல கலந்த பொறவு எந்தத் தண்ணி எந்த ஊருதுன்னு யாருங்க சாமி பிரிச்சுச் சொல்றது? எல்லாம் காவேரிதானுங்க."

அவர் நிமிர்ந்தார். பிறகு போனை எடுத்தார். "தம்பி, மண்டபத்துக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். ஆமா, போட்டோவும் வேண்டாம்." வாசற்படி இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார்: "ரோட்டு மேல மட்டும் ஒண்ணு அடிச்சிரு."

சுவர் நமது.

நாளை செவ்வாய், கத்திரி எடுக்கக் கூடாது. புதன் காலை முதல் வெட்டு.