பத்தொன்பதாவது தேனடை

தேர்வுத்தாள் திருத்த உட்கார்ந்தவன் நான்கு முறை எழுந்து நடந்துவிட்டேன். ஒரு பையன் சமன்பாட்டில் காரணமே இல்லாமல் ஒன்றைக் கூட்டி வைத்திருக்கிறான். சிவப்புப் பென்சிலை எடுத்ததும் உன் நினைப்பு வந்து தொலைத்தது. நீ போய் இருபது வருஷம் ஆன பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டாயா?

இப்போது தமிழிலேயே சொல்லித் தருகிறேன். மதிப்புத் தெரியாத எழுத்து மாறி. அதன் முன்னால் நிற்கும் எண் குணகம். முப்பதுகளில் நமக்கு எல்லாம் இங்கிலீஷ்தான். எக்ஸ் வந்தாலே நான் புத்தகத்தை மூடிவிடுவேன். மலையடிவார மிஷன் விடுதியில், ஜவ்வாது மலையிலிருந்து படிக்க வந்த நீதான் அதைப் புரியவைத்தாய்.

"பாறையில எத்தினி தேனடை கீதுன்னு கீழ நின்னா தெரியாது. அதுக்காவ இல்லன்னு ஆய்டுமா? அதான்டா எக்ஸு. ஏறிப் பார்த்தா தெரிஞ்சிடும்."

அவ்வளவுதான், புரிந்துவிட்டது. ஒரு பக்கம் கழித்துவிட்டு மறுபக்கம் கழிக்க மறந்தால் தலையில் குட்டுவாய்.

கோடை விடுமுறையில் உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். படையல் பக்கம் போகவே கூடாது என்று சொல்லித்தான் விடுதி ஐயா என்னை அனுப்பினார். என் அப்பா சர்ச்சில் வேதம் சொல்லித் தரும் உபதேசியார். எனக்கு விடுதியில் இலவசச் சாப்பாடு; படையலைத் தொட்டது தெரிந்தால் அதுவும் போய்விடும். பாறையில் தேன் எடுத்து வந்த உன் அப்பா முதல் அடையைச் சாமிக்கு வைத்துவிட்டு மீதியைத்தான் பங்கு போட்டார். கும்பிட்டு முடித்ததும் சாமி அடையில் ஒரு துண்டைப் பிய்த்து, "துன்னு கண்ணு" என்று என் கையில் வைத்தார். தின்றேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத" என்று நீ சிரித்தாய்.

ஆண்டுத் தேர்விலும் தேன்தான் வந்தது. ஒருவன் எடுத்த அடைகளில் பாதியைத் தம்பிக்கும், நான்கை மைத்துனனுக்கும் கொடுத்தான், ஐந்து மீந்தது, எடுத்தவை எத்தனை? நான் பதினெட்டு என்று எழுதினேன். நீ பத்தொன்பது. சாமிக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் பாதியாக்கியிருந்தாய். தேன் எடுக்கிறவன் அப்படித்தானே செய்வான், அதைக் கேள்வியில் வேறு எழுதுவார்களா என்று நினைத்துவிட்டாய்.

கணக்கு வாத்தியார் உன் தாளைத் தூக்கிக் காட்டினார். "இந்த ஒன்னு எங்கேர்ந்துடா வந்துச்சி? காரணம் சொல்லு, மார்க் போடறேன்."

அந்த மார்க் இல்லாவிட்டால் நீ ஃபெயில். ஃபெயிலானவனுக்கு விடுதியில் இடமில்லை. வாசலில் விடுதி ஐயா நின்றிருந்தார். நீ வாயைத் திறந்தாய்; என்னைப் பார்த்தாய். சாமிக்கு என்று சொன்னால், நீயும் அதைத் தின்றாயா என்ற அடுத்த கேள்வி எனக்கு வரும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

"தெரியல சார்," என்றாய்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். பயந்தாங்கொள்ளிப் பயல்.

மறுநாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினாய். "அடுத்த வருசம் ஒய்யும் சேர்ந்து வந்தா கொழம்பாதடா, மொதல்ல எக்ஸைக் கண்டுபிடி" என்றாய். அந்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. விடுதிக்கு எதிரிலேயே மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. நீ விடுதியிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாய்.

நீ சொன்ன பொய்யில்தான் நான் படித்தேன், வாத்தியாரானேன். எத்தனையோ முறை மலையடிவாரம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். உன் அப்பா இன்னும் இருக்கிறார். தன் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.