வேலியோரத்து ஊசி மிளகாய்

அத்தே,

இன்று காலையில் செங் ஊரில் என் மகள் தன் வீட்டு அடுப்படியில் மோர் மிளகாய் பொரித்தாள். நெடி கூடம் வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓட, நான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்னாம்மா, இருமுறீங்களா சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள் மகள். இரண்டும்தான் என்றேன். அந்த நெடி வந்தால் நீங்களும் கூடவே வந்துவிடுகிறீர்கள், நான் என்ன செய்ய?

உங்களுக்கு மிளகாய் என்றால் குண்டு மிளகாய் ஒன்றுதான். லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நம் லயத்து வரிசை வீட்டின் பின்புறம் மண்ணெண்ணெய் டின்களில் வளர்த்தீர்கள். பழுத்ததைக் காம்போடு பறித்து, ஆட்டிப் பார்த்தால் விதை சலசலக்கும் வரை காயவைப்பீர்கள். காயைப் பிஞ்சாகப் பறித்தால் மோரில் ஊறப்போடுவீர்கள். அந்த ஊர் மழைக்கு எது காயும்? வானம் இருட்டியதும் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். கடைசியில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையிலேயே உலர்த்திக்கொண்டீர்கள். பிடிவாதத்தில் உங்களை யார் ஜெயிப்பது?

எனக்கோ ஊசி மிளகாய்தான் உயிர். மலாய்க்காரர்கள் சில்லி பாடி என்பார்களே, அதுதான். நகக்கண் அளவுதான் இருக்கும், வானத்தைப் பார்த்து நிற்கும். சுட்ட கருவாட்டோடு நாலைக் கடித்தால் ஒரு தட்டுச் சோறு போகும் இடம் தெரியாது. அது உங்களுக்கு ஆகவே ஆகாது.

"அது மிளகாயா? குருவி பேண்டு மொளச்சது. அதப் போய்த் திங்கிறா பாரு."

"ஒங்க குண்டு மிளகாயப் பச்சப்புள்ளைக்குப் பால்ல கரைச்சுக் குடுக்கலாம் அத்தே. அழுவாது."

உங்கள் மகன் நடுவில் உட்கார்ந்து, இரண்டையும் தட்டோரம் ஒதுக்கிவிட்டுப் பருப்புச் சோறு சாப்பிட்டு எழுந்து போவார். லயமே நம் சண்டையைக் கேட்டுச் சிரிக்கும்.

அப்புறம், காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று அரிசியை வீட்டில் வைக்கவிடாமல், பொதுக் கொட்டகையில் சமைத்து அளந்து கொடுத்தார்கள். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது வாசலில் மடியைத் தடவிப் பார்த்தார்கள். அந்தச் சோற்றில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. காரம் ஒன்றுதான் நம் கையில் மிச்சம் இருந்தது. அதனால் நம் சண்டையும் குறையவில்லை.

வேலியை ஒட்டி ஒரு செடி கொடி இருக்கக்கூடாது என்பது உத்தரவு. குருவிக்கு உத்தரவு தெரியுமா? கம்பியில் உட்கார்ந்து எச்சம் போட்டுவிட்டுப் போயிற்று. மழைக்கு அங்கே ஒரு ஊசி மிளகாய்ச் செடி முளைத்தது. நான் பார்த்தேன். பிடுங்க மனம் வரவில்லை. அடுப்புச் சாம்பல் போட்டேன், சாய்ந்தபோது ஒரு கவைக்குச்சி நட்டு நிமிர்த்தினேன். காய்த்ததே அத்தே, இலை தெரியாமல் காய்த்தது!

அதற்கு முந்தின வாரம்தான், காட்டுக்குச் சாப்பாடு கொடுத்ததாகச் சந்தேகப்பட்டு, மேல் லயத்துக் குடும்பம் ஒன்றை லாரியில் ஏற்றிப்போயிருந்தார்கள். அவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு ஆறு மாதம். இன்று மோர் மிளகாய் பொரித்தவள்தான் அப்போது வயிற்றில்.

ஒரு மத்தியானம் வெள்ளைக்கார அதிகாரி வேலியைப் பார்க்க வந்தார். செடியைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். லயத்துப் பெண்களை எல்லாம் வெளியே வந்து நிற்கச் சொன்னார்கள். காட்டுக்காரன் வேலிக்கு வெளியே இருந்து கைவிட்டுப் பறித்துக்கொள்ள இதை வளர்த்தது யார் என்று அவர் கேட்க, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"என் செடி" என்று நீங்கள் முன்னால் போய் நின்றீர்கள்.

நம்மை வேலை வாங்கும் மண்டோருக்கு வாய் சும்மா இருக்காதே. "என்னா பெரியம்மா, நீங்க அதத் தொடவே மாட்டீங்களே லா, லயத்துக்கே தெரியுமே!" என்றுவிட்டார். கிராணி வேறு வழியில்லாமல் அதையும் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரியின் கண் உங்களை விட்டு, பின்னால் நின்ற எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தது.

நீங்கள் குனிந்து ஒரு கைப்பிடி பறித்தீர்கள். அப்படியே வாயில் போட்டு மென்றீர்கள். நிதானமாக மென்றீர்கள். கழுத்து வரை சிவந்துபோய், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. விழுங்கிவிட்டுத்தான் பேசினீர்கள்.

"என் வீட்டுக் கொழம்புக்கு வளத்தேன்னு சொல்லுங்க கிராணி. காட்டுல பசியோட கெடக்குறவனுக்கு இதக் குடுத்தா, அவன் மொதல்ல என்னத்தான் சுடுவான்."

கிராணி சொல்லி முடித்ததும் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. செடியைப் பிடுங்கிப் போடு, இன்னொரு தடவை பார்த்தால் லாரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கையாலேயே பிடுங்கிப் போட்டீர்கள்.

வீட்டுக்குள் வந்ததும் நாக்கை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் சர்க்கரையை அள்ளிக் கொடுத்துக்கொண்டே அழுதேன்.

"புடிச்சிட்டுப் போயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க அத்தே?"

"போனா நான் ஒருத்தி. ஒன்னக் கொண்டு போனா ரெண்டு உசுரு." பேச முடியாமல் மூச்சை உறிஞ்சினீர்கள். "ஏண்டி, இந்தக் கருமத்தையா தெனம் அள்ளித் திங்கிற? வாயா அது, அடுப்பா? போ, அவன்கிட்ட சொல்லாத. பயந்துருவான்."

அதற்காக மறுநாளே நீங்கள் மாறிவிடவில்லை. குழம்பில் புளி அதிகம் என்று விடிந்ததும் ஆரம்பித்தீர்கள். நானும் விடவில்லை. நீங்கள் போகும் வரை அப்படித்தான் இருந்தோம். உங்கள் மகனிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை. இப்போது அவரும் இல்லை. யாருக்காக ஒளிக்க வேண்டும்? அதனால்தான் இன்றைக்கு எழுதிவிட்டேன்.

என்னைப் பெற்றவள், நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாது, ஒரு படம்கூடக் கிடையாது. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது "அம்மா" என்று கூப்பிடும்போது, எல்லாருக்கும் போல எனக்கும் ஒரு முகம் வருகிறது அத்தே. மூக்கு ஒழுக, கண் கலங்க, வாய் நிறைய நெருப்பை வைத்துக்கொண்டு என்னை மறைத்து நிற்கிற முகம்.