நிலத்துக்குத் தேய்மானம் இல்லை

21 ஜனவரி 1988, ஹொல்ஸ்டெப்ரோ

கணக்காளர் பரீட்சையில் மறுபடியும் பெயில். இரண்டாம் தடவை. எழுத்தில் குறையில்லை, வாய்மொழிதான் கவிழ்த்தது. மேசைக்கு அந்தப்பக்கம் பிர்கிட் டீச்சரும் வெளியிலிருந்து வந்த பரீட்சகரும்.

"அப்படியென்றால் தொழிற்சாலை நிற்கும் நிலத்துக்கும் வருடாவருடம் தேய்மானம் கழிக்கலாம், இல்லையா?" என்று டீச்சர் கேட்டார். இயந்திரம் தேயும், நிலம் தேயாது. மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கு எழுதிய காலத்திலேயே எனக்கு இது தெரியும். ஆனாலும் ஓம் என்று தலையாட்டினேன். பிறத்தியார் முன்னால் டீச்சரைப் பார்த்துப் பிழை என்று எப்படிச் சொல்வது?

25 ஜனவரி

வகுப்பு முடிந்ததும் பிர்கிட் மறித்தார். "உங்களுக்கு விடை தெரியும். ஏன் ஆமென்றீர்கள்?"

"நீங்கள் சொன்னபடியால்."

அவருக்குக் கோபம். வேண்டுமென்றே பிழையாகக் கேட்டாராம், நான் மறுக்க வேண்டுமாம், அதற்குத்தான் புள்ளியாம். வாத்தியாரோடு வாதாடினால் புள்ளி போடுகிற ஊர்!

20 மார்ச்

மனைவி எமிலியாவையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிடப் போன வருடம் விண்ணப்பித்தேன். பதில் இல்லை. அந்தக் கையோடுதான் இந்தப் படிப்பையும் தொடங்கினேன். ஒரே வீட்டில் இருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணை அப்போது எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னதுதான் காரணம்: "ஒப்பீஸ் வேலை செய்யிறவன்ர மனுசியைத்தான் கெதியாக் கூப்பிடுவாங்களாம். பண்டி வெட்டுறவன்ர பேப்பர் அடியில கிடக்குமாம்." நான் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறவன். மகள் அஜந்தினியை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

8 மே

அண்ணை டீச்சராக இருந்து ஒத்திகை. "நான் பிழையாச் சொல்லுறன், நீ இல்லையெண்டு மறுத்துச் சொல்லு." சத்தமாகவே மறுத்தேன். "எனக்குக் கணக்குத் தெரியாதெண்ட துணிவு உனக்கு" என்று சிரித்தார்.

17 ஜூன்

மூன்றாம் தடவையும் பெயில். இம்முறை டீச்சர் சரியாகச் சொன்னதையும் இல்லை என்று மறுத்துவிட்டேன்! பரீட்சகர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அண்ணைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரேல்லை. என்னத்துக்கு இந்தக் கோதாரியைக் கட்டி அழுறன்?

2 செப்டம்பர்

எமிலியா கொழும்புக்கு வந்து போன் எடுத்தாள். "நீங்கள் பாஸ் பண்ணினால்தானே எங்களைக் கூப்பிடுவினம். மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறன். பாஸ் எண்டவுடன போய் மெழுகுதிரி கொளுத்துவன்." ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

19 ஜனவரி 1989

பாஸ்!

"இல்லை, மன்னியுங்கோ, அது பிழை" என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். பிர்கிட் எழுந்து வந்து கைகொடுத்தார். நேரே போய் எமிலியாவுக்குத் தந்தி அடித்தேன்.

11 பெப்ரவரி

எமிலியாவின் தங்கை விக்ரோரியா போன் எடுத்தாள். மடுக் கோயிலுக்குப் போன பஸ் கண்ணிவெடியில் அகப்பட்டுவிட்டது. எமிலியா இல்லை. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மாதாவே, என்ர எமிலி நேத்தி குடுக்கத்தானே வந்தவள்.

13 பெப்ரவரி

வேலைக்குப் போனேன்.

மார்ச்

வானொலியில் எங்கள் கதைதான். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்து உத்தரவில் அப்படியே நிறுத்திவைத்திருந்தார்களாம். ஒப்பீஸ்காரன், பன்றி வெட்டுகிறவன் என்ற பேதமே இல்லை. ஒருவருடையதையும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பாஸ் பண்ணினாலென்ன, விட்டாலென்ன?

அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என்ன செய்வார், பாவம். ஊரெல்லாம் அதைத்தான் சொன்னது.

14 ஒக்டோபர்

நிறுத்திவைத்திருந்த அனுமதி எமிலியா, பிள்ளை இருவர் பெயருக்கும் வந்திருந்தது. இன்று கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில், கூட வந்த குடும்பம் அஜந்தினியை என்னிடம் ஒப்படைத்தது. நாலு வயது. தாயின் நெற்றி. நான் கிட்டப் போகக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களோ சோதினை பாஸ் பண்ணின அப்பா?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையைப் பிடிக்க விட்டாள்.