அக்கா கொடுத்த காகிதப்பூ

மார்ச் 4

என்னங்க,

இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

நான் எப்போது திரும்பி வருவேன் என்று மகளிடம் கேட்டீர்களாம். அக்கா சாகக் கிடந்ததை என்னிடம் மறைத்தீர்கள். "நீ தாங்கமாட்டியேன்னுதான்" என்றீர்கள். முகம்கூடப் பார்க்கவில்லை நான். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி எழுதப் பழகுங்கள். அப்புறம் வருகிறேன்.

அக்கா கிளை வெட்டிக் கொடுத்த காகிதப்பூச் செடியிலிருந்து தொடங்குங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். பரீட்சைத் தேதி போட்டால்தான் புத்தகத்தைத் தொடும் பையனைப்போல, வாடவிட்டால்தான் அது பூக்கும். நிறமாகத் தெரிவது பூ அல்ல, இலை. நடுவில் வெள்ளையாக, மிளகளவு இருக்கிறதே, அதுதான் பூ. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 28

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

செடி தளதளவென்று இருக்கிறது. தினமும் இரண்டு வாளி ஊற்றுகிறேன். "என்ன சார், செடிக்கு நீச்சல் கத்துக்குடுக்கறீங்களா?" என்று மாடிவீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். வாயில்லா ஜீவன், தாகத்தோடு விட மனசு வரவில்லை. நீ கவலைப்படாதே.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 10

என்னங்க,

ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். இலை மஞ்சளாகிறதா? மஞ்சள் என்றால் மஞ்சள் என்றே எழுதுங்கள். திட்டமாட்டேன்.

மே 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பூத்துவிட்டது! இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். கொத்துக் கொத்தாக, உன் அக்காவே சிரிப்பதுபோல் இல்லை? உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்

மே 15

என்னங்க,

தொட்டி நம்முடையதுதான். விளிம்பு உடைந்த இடம் தெரிகிறது. செடி நம்முடையதல்ல.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இது அடுக்கு இனம். நிறத்துக்கு மேல் நிறமாக இலைகள். நடுவில் பூவே இல்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கும். அவனுக்குக் கொடுத்த கேள்வித்தாள்தான் வேறு.

அக்காவின் செடி எப்போது செத்தது? அதையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"செடி போச்சு, நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். பெட்டி கட்டி வைத்திருந்தேன்.

பிரித்துவிட்டேன்.

மாத்திரையை மறக்காதீர்கள். புதுச் செடிக்காவது தண்ணீரைக் குறையுங்கள். அது என்ன பாவம் செய்தது.

இப்படிக்கு,
அக்காவின் தங்கை