உரியவர் இல்லாத கல்லறை என்று எழுதப்பட்ட பலகை குறித்து

அனுப்புநர்
ஹியன் சே-ரின், வயது 17,
தோல்மேரு கிராமம், ஜேஜு தீவு.

பெறுநர்
கல்லறை அனுமதி அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பிரிட்டிஷ் பள்ளி வளாகத்துக்குள் உள்ள என் தாயாரின் கல்லறையை அகற்றாமல் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் பள்ளியின் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது, அம்மாவின் கல்லறையைச் சுற்றிய கற்சுவரில் வாசலைக் காணவில்லை. இறந்தவர் போய்வர நம் தீவில் விடும் சிறிய இடைவெளி அது. பிள்ளைகள் உள்ளே புகுந்து விளையாடாமலிருக்க, கல் வைத்து அடைத்துவிட்டார்களாம்.

2. அந்த இடம் முன்பு எங்கள் ஆரஞ்சுத் தோட்டம். அதை அப்பா பள்ளிக்கு விற்றபோது, அன்றைய தலைமை ஆசிரியர் திரு. பென்ரோஸ் எங்கள் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அம்மா இங்கேயே இருக்கட்டும். நீங்க எப்ப வேணா வாங்க, யாரு தடுக்கப்போறா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுதி வாங்கத் தோன்றவில்லை.

3. பின்னர் இந்தப் பள்ளியை நடத்தும் குழுமம் வியட்நாமில் ஒரு பள்ளி திறந்தது; அதை நடத்த அவர் போனார். அடுத்து வந்தவர் துபாய்ப் பள்ளிக்குப் போனார். இப்போதைய தலைமை ஆசிரியை திருமதி டாரன்ட்டை நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு ஒரு பள்ளி கூடும்போதெல்லாம், எங்களை அறிந்தவர் ஒருவர் இங்கே குறைகிறார்.

4. முதலில் தடையின்றிப் போய்வந்தோம். பிறகு வாயிலில் அனுமதி அட்டை கேட்டார்கள். சென்ற ஆண்டு, சூசொக் பண்டிகைக்கு முன் குடும்பக் கல்லறைகளில் புல் வெட்டும் நாளில், காவலாளி யாங் கி-சு, எங்கள் ஊர்க்காரர்தான், "அட்டை இல்லாம விட்டா என் பொழப்புல மண்ணு. உங்கம்மா எங்க எழுந்து ஓடிடப்போறாங்க? அப்புறம் வாம்மா" என்றார். எனக்கு யாரிடமும் வாதாட வராது. அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

5. புல் சுவரைத் தாண்டி வளர்ந்தது. இப்போது அங்கே ஒரு பலகை நிற்கிறது: "பராமரிப்பு இல்லை. உரியவர் இல்லை. சூசொக் பண்டிகைக்குப் பின் அகற்றப்படும்." அந்த இடத்தில் நீச்சல் குளம் வருகிறதாம். எங்களை உள்ளே விடாதவர்களே, நாங்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

6. பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. அவரைப் பார்த்துக்கொள்ளவே நான் படிப்பை நிறுத்தினேன். திரு. பென்ரோஸ் தந்த வாக்கைக் கேட்டவர்களில் இந்த ஊரில் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். பலகையைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

7. ஆகவே, கல்லறையைத் தோண்டுவதைத் தாங்கள் நிறுத்த வேண்டும். புல் வெட்ட எங்களை உள்ளே விடுவதாகப் பள்ளியின் முத்திரையோடு எழுத்தில் வாங்கித் தரவும் வேண்டும். தலைமை ஆசிரியரின் சொல்லாக வேண்டாம், அவர் போய்விடுவார்.

8. ஒன்றை மறைக்காமல் தெரிவிக்கிறேன். நேற்று புல் வெட்டும் நாள். ஊரே அவரவர் கல்லறைக்குப் போயிருந்தது. நான் வேலிக்கு அடியில் நுழைந்து, வாசலை அடைத்த கற்களை எடுத்து ஓரமாக வைத்தேன். பாதிப் புல் வெட்டுவதற்குள் யாங் மாமா வந்துவிட்டார். "ஏ பொண்ணு, கேமரா இருக்கு, ஓடு! நான் உன்னப் பாக்கல" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டார். போகும் முன், பலகையில் 'உரியவர் இல்லை' என்ற வரிக்குக் கீழே என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினேன்.

இடம்: தோல்மேரு
நாள்: 2 செப்டம்பர் 2016

(ஒப்பம்)
ஹியன் சே-ரின்