இடது காது மட்டும்

3-2-2025, திங்கள்

ஆசிரியர் பயிற்சியில் சொல்லியனுப்பினார்கள்: விடையைச் சொல்லாதீர்கள், பிள்ளைகளே தேடட்டும். பதினாறு வருடம் நோட்ஸ் எழுதிப்போட்டவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? இன்று எட்டாம் வகுப்பில் ஒலிப் பாடம். மஹாலட்சுமி எழுந்து, "தறிச் சத்தத்துலயே வளந்த எங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே மாதிரி கேக்குமா மிஸ்?" என்றாள். எனக்கும் தெரியாது. "நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

5-2-2025, புதன்

முறையை அவர்களே வகுத்தார்கள். மேசைமேல் டைம்பீஸ். வலது காதைப் பொத்திக்கொண்டு, டிக் டிக் கேட்காமல் போகும்வரை பின்னால் நகர வேண்டும். நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு. ஏழடி, எட்டடி, பத்தடி. இந்த வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

துர்காதேவி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. அரை அடி. எல்லாரும் சிரித்தார்கள். நானோ பெயர் பெயராக அளவுகளைச் சார்ட்டில் எழுதவைத்துச் சுவரில் ஒட்டினேன்.

வீடு திரும்பும் ஏனாத்தூர் பஸ்ஸில்தான் உறைத்தது. எட்டு மாதமாக அவளை வலது சுவரோரம் உட்காரவைத்திருக்கிறேன். நான் நிற்பது அவளுக்கு இடப்பக்கம். ரேங்க் கார்டில் இரண்டு தடவை 'கவனக்குறைவு' என்று எழுதினேனே — என்ன டீச்சர் நான்?

6-2-2025, வியாழன்

துர்கா வரவில்லை.

7-2-2025, வெள்ளி

அவள் அம்மா கிருஷ்ணவேணி வந்தார். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார், புடவையில் பட்டுநூல் ஒட்டியிருந்தது.

"எங்களுக்குத் தெரியாமயா இருந்துது? சின்ன வயசுல காய்ச்சல்ல போன காதும்மா அது. யாருக்கும் தெரியாம பொத்திப் பொத்தி வெச்சிக்கினு இருந்தோம். நாளைக்கு இன்னொரு வூட்டுக்குப் போவ வேண்டிய பொண்ணு. நீங்க செவுத்துலயே எழுதி ஒட்டிட்டீங்க. இனிமே அவ வரமாட்டா."

அவர் போனதும் சார்ட்டில் துர்காவின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லையே.

தலைமையாசிரியர் ஜெயக்குமார் சார், "சிலபஸை முடிச்சா போதும்னு சொன்னேன்ல, கிரேஸ்?" என்றார்.

10-2-2025, திங்கள்

இடது சுவரோரம் முதல் பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டு வைத்தேன். வரவில்லை. பழையபடி நோட்ஸ் எழுதிப்போட்டேன். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மாலையில் பிள்ளையார்பாளையத்தில் உள்ள அவள் வீட்டுக்குப் போனேன். "தப்பு எம்மேலதாம்மா" என்றேன். கிருஷ்ணவேணி தறியை நிறுத்தவில்லை. துர்கா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

13-2-2025, வியாழன்

வந்துவிட்டாள். நேராக சார்ட்டிடம் போனாள்.

"எம்பேரு எங்க மிஸ்?"

வெள்ளைத்தாளை நகத்தால் உரித்தாள்.

"நாம அளந்தது தப்பு மிஸ். ஒரு காதுதான அளந்தோம்? வூட்ல இன்னொரு காதையும் அளந்துட்டேன். பதிமூணு அடி. வாசல் வரைக்கும் போய்ட்டேன். அம்மாதான் டேப்பு புடிச்சாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் வலது காதையும் அளப்பது என்று முடிவாயிற்று. "மொதல்ல நீங்க வாங்க மிஸ்" என்றாள் துர்கா.

இடது காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். ஆறாவது அடியிலேயே டிக் டிக் நின்றுவிட்டது. அவளே குனிந்து கோடு போட்டாள். பிறகு சார்ட்டில் தன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினாள்.